அங்கே யாரை அனுப்புவது?

நரகத்தை நம்பாதவர்களைப் பற்றி வெளியே ஒரு பேச்சு உண்டு. தப்புச் செய்ய வசதியாக இருக்கும் என்றுதான் நம்பாமல் இருக்கிறார்கள், பயம் விட்டுப்போனவர்கள், கடைசி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்பார்கள். நான் வேலை பார்ப்பதே அந்தக் கடைசி நேரத்தில்தான். இனிக் குணமாக்க முடியாது என்று ஆன நோயாளிகளை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் பாலியேட்டிவ் கேர் வார்டில் நர்ஸ். அந்தப் பேச்சு எவ்வளவு தவறானது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

பகலில் யாரும் நரகத்தைப் பற்றிக் கேட்பதில்லை. பகலில் டாக்டர் ரவுண்ட்ஸ், மாத்திரை, உறவினர் கூட்டம், பில் பற்றிய கவலை. விளக்கு அணைந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கப் போகும்போதுதான் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். "சிஸ்டர், செத்ததுக்கப்புறம் என்ன ஆகும்?" அந்தக் கேள்வியைப் பேச்சை மாற்றித் தள்ளிவிடக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். நர்ஸாக இருந்து, சமூகப் பணியாளராகி, பிறகு டாக்டருக்குப் படித்தவர். சாகப்போகிறவரின் வலியில் உடல், மனம், குடும்பம், ஆன்மிகம் நான்கும் பின்னிக் கிடக்கின்றன, ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைத் தணிக்க முடியாது என்று சொன்னவர் அவர்தான். மார்ஃபின் டோஸைக் கூட்டியும் முனகல் நிற்காத நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து பேசவிட்டால், உள்ளே இருப்பது பயம் என்று தெரியவரும்.

நுரையீரல் புற்றுநோயோடு வந்த ஒரு பெரியவர். மூக்கில் ஆக்சிஜன் குழாய், தலையணைக்குக் கீழே ஜெபமாலை. மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதும் உதடு ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஒரு ராத்திரி சிரிஞ்ச் பம்பில் மருந்து மாற்றிக்கொண்டிருந்தேன். அவராகவே சொன்னார்: "நரகம்னு ஒண்ணு கிடையாதும்மா."

இவ்வளவு பக்தியான மனிதர் இப்படிச் சொல்கிறாரே என்று, "ஏன் ஐயா அப்படிச் சொல்றீங்க?" என்றேன்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கிச் சொன்னார். "என் பையன் தானா முடிச்சுக்கிட்டான். இருபது வயசு. அடக்கத்துக்கு வந்த ஒரு பெரிய மனுஷன், இவன் நேரா நரகத்துக்குத்தான் போவான்னு என் காதுபடச் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். எனக்கே அவன் மேல கோபம் வரல. என்னைவிடக் கடவுளுக்குப் பாசம் கம்மியா இருக்குமா?"

கடவுளை விடவில்லை, ஜெபத்தை விடவில்லை. நரகத்தை மட்டும் அன்று ராத்திரியே விட்டுவிட்டார். எந்தப் புத்தகத்தையும் படித்து வந்த முடிவு இல்லை அது. பெற்ற பிள்ளையின் முகத்தை அந்த நெருப்புக்குள் வைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

அதற்குப் பிறகு, நரகம் இல்லை என்று யார் சொன்னாலும் பின்னால் ஒரு முகம் இருக்கிறதா என்று கவனிக்கத் தொடங்கினேன். அநேகமாக இருக்கும். மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள். கோயிலுக்கே போகாத, ஆனால் ஊருக்கெல்லாம் உழைத்த அப்பா. ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்ட கைக்குழந்தை. சார்லஸ் டார்வின் பரிணாமக் கொள்கையால் மதத்தைவிட்டு விலகியவர் என்றே பலரும் நினைக்கிறோம். அவர் தன்வரலாற்றில் எழுதியிருப்பதைப் பார்த்தால் இந்த விஷயமும் அவரை உறுத்தியிருக்கிறது. நம்பாதவர்களுக்கு நித்திய தண்டனை என்பது உண்மையானால், தன் அப்பாவும் அண்ணனும் நெருங்கிய நண்பர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள், இது கொடிய போதனை என்று எழுதினார். 1887இல் அந்தத் தன்வரலாறு அச்சானபோது, மனைவி எம்மாவின் விருப்பப்படி அந்தப் பகுதியை நீக்கிவிட்டார்கள். பேத்தி நோரா பார்லோ 1958இல் முழுப் பதிப்பைக் கொண்டுவந்த பிறகுதான் அது எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் வார்டுப் பெரியவருக்கு டார்வினைப் பற்றி எதுவும் தெரியாது. இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்.

பக்திமான்களிலேயே இப்படிப்பட்டவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். மந்திரத்தை வெளியே சொன்னால் நரகம்தான் என்று குரு எச்சரித்தும், இத்தனை பேர் உய்வார்கள் என்றால் நான் ஒருவன் நரகம் போனால் போகட்டும் என்று திருக்கோட்டியூர் கோபுரத்தில் ஏறி ராமானுஜர் உரக்கச் சொன்ன கதை நமக்குத் தெரியும். மகாயான பௌத்தத்தில் க்ஷிதிகர்ப்பர் என்ற போதிசத்துவர், நரகங்கள் காலியாகும்வரை நான் புத்தநிலை அடையமாட்டேன் என்று சபதம் எடுத்தவர். இவர்கள் யாரும் நரகம் இல்லை என்று சொன்னவர்கள் கிடையாது. ஆனால் மற்றவர்கள் அங்கே கிடக்க, தான் மட்டும் சுகமாக இருப்பதை இவர்களால் ஏற்க முடியவில்லை. அங்கிருந்து நரகத்தையே மறுப்பதற்கு வெகுதூரம் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு காரணம் நியாயக் கணக்கு. கணக்காளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என்னிடம் கேட்டார்: "எண்பது வருஷம் வாழ்ந்து பண்ணின தப்புக்கு முடிவே இல்லாத தண்டனைன்னா, எந்த ஊர் வழக்கும்மா அது?" இந்தக் கேள்வி மிகப் பழையது. கடவுள் எல்லையற்றவர், அவருக்கு எதிரான குற்றமும் ஒருவகையில் எல்லையற்றது என்று 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவைனஸ் இதற்குப் பதில் சொல்லப் பார்த்தார். அதற்கு ஆயிரம் வருடம் முன்பே அலெக்சாண்டிரியாவைச் சேர்ந்த ஓரிஜன், கடைசியில் எல்லா ஆன்மாக்களும் கடவுளிடம் திரும்பிவிடும் என்று எழுதியிருந்தார். 6ஆம் நூற்றாண்டில் திருச்சபை அந்தக் கருத்தைக் கண்டித்தது. ஆனாலும் அது சாகவில்லை. 1999இல் போப் இரண்டாம் ஜான் பால், நரகம் என்பது ஓர் இடம் என்பதைவிட, கடவுளைவிட்டு முற்றிலும் பிரிந்துபோனவர்களின் நிலை என்று விளக்கினார். வேறு பல மரபுகளில் நரகத்துக்கு ஒரு முடிவு உண்டு. இந்து, பௌத்த, சமண நரகங்கள் எவ்வளவு கொடூரமாகச் சித்திரிக்கப்பட்டாலும் வினை தீர்ந்ததும் வெளியே வந்துவிடலாம். புண்ணியம் தீர்ந்தால் சொர்க்கத்திலிருந்தும் இறங்கத்தான் வேண்டும். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா தீயவர்களுக்கான தண்டனைக் காலத்தைப் பன்னிரண்டு மாதம் என்கிறது. அதனால்தான் இறந்த பெற்றோருக்காகப் பிள்ளைகள் சொல்லும் கதீஷ் ஜெபத்தைப் பதினொரு மாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முழுப் பன்னிரண்டு மாதமும் சொன்னால், என் அப்பா தீயவர் என்று பிள்ளையே ஒத்துக்கொண்டதாகிவிடும் அல்லவா? இதைப் படித்த அன்று அந்த ஜெபமாலைப் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார்.

சாவோடு எல்லாம் முடிந்துவிடுகிறது, அனுபவிக்க ஆள் இல்லாதபோது தண்டனை ஏது என்பவர்களும் வருவார்கள். நம் நாட்டுச் சார்வாகர்களும் கிரேக்கத்து எபிகியூரஸும் சொன்னதுதான். இவர்களைப் பார்த்துக்கொள்வது சுலபம். வலிக்கு மருந்து சரியாகப் போகிறதா, வாய் உலர்ந்துவிட்டதா, அதைத்தான் கேட்பார்கள்.

சிறுவயதில் பயமுறுத்தப்பட்டவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை, கும்பிபாகம், செக்கில் ஆட்டுவது, முள்படுக்கை என்று படம் காட்டி வளர்க்கப்பட்டவர்கள். அதில் இரண்டு வகை. ஒரு பாட்டி, யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்திராதவர், ராத்திரி விளக்கை அணைக்கவே விடமாட்டார். என்ன தப்புச் செய்தீர்கள் பாட்டி என்று கேட்டால், மாமியாரிடம் எதிர்த்துப் பேசிவிட்டேன் என்பார். அதுவும் ஐம்பது வருடம் முன்பு. இன்னொரு அம்மாவும் அதே படங்களைப் பார்த்து வளர்ந்தவர்தான். "சின்னப் புள்ளையைப் பயமுறுத்த வச்சிருந்தது. எனக்குப் புள்ளைங்க பொறந்த அன்னைக்கு அதைத் தூக்கிப் போட்டுட்டேன். எம் புள்ளைங்களை ஒருநாளும் அப்படிப் பயமுறுத்தல" என்றார். அவர் பிள்ளைகள் மாறிமாறி வந்து உட்கார்ந்து, ஈரப் பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

எங்கள் வார்டில் நான் பார்த்தவரையில், நரகத்துக்கு அதிகம் பயப்படுகிறவர்கள் அதிகம் தப்புச் செய்தவர்கள் இல்லை. மென்மையான மனசுக்காரர்களைத்தான் அந்தப் பயம் பிடித்து ஆட்டுகிறது. பிறரை உலுக்கி எடுத்துப் பிழைத்தவர்கள் நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்குவதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே, நரக பயம் இல்லாவிட்டால் மனிதன் கெட்டுப்போவான் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எந்த நரகத்தையும் நம்பாத ஒருவர், தம்பிக்குச் சேர வேண்டிய பங்கை எழுதிக்கொடுக்க வேண்டும் என்று வக்கீலைப் படுக்கைக்கே வரவழைத்தார். தம்பி கேட்கவே இல்லை. இவருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

நானும் நரகத்தை நம்புவதில்லை. வலியைக் குறைப்பது என் தொழில். எலும்புக்குப் பரவிய புற்றுநோயில், மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை ஒரு மனிதர் துடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு, முடிவில்லாத வலி என்பதை எந்த மனிதருக்கும் என்னால் விதிக்க முடியாது. கொலைகாரனுக்கும் மார்ஃபின் கொடுப்பேன். கொடுக்க வேண்டும் என்றுதான் எங்கள் தொழில் சொல்கிறது. நான் இரங்குகிற அளவுக்குக்கூட இரங்காத ஒரு தெய்வத்தை என்னால் கும்பிட முடியவில்லை.

ஆனால் இதை எல்லோரிடமும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஏனென்று ஓர் அம்மாதான் எனக்குக் காட்டினார். அவருடைய மகளைக் கொன்றவன் சாட்சி இல்லை என்று விடுதலையாகிவிட்டான். கல்யாணம், குழந்தைகள் என்று நன்றாக இருக்கிறானாம். ஆறுதல் சொல்ல வந்த உறவுக்காரர் ஒருவர், சொர்க்கம் நரகம் எல்லாம் மனசுதான் என்று ஆரம்பித்தார். அந்த அம்மா எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாத நிலையில், "நரகம் இல்லேன்னு எங்கிட்ட யாரும் பேசாதீங்க. அதுவும் இல்லேன்னா என் பொண்ணுக்கு யாரு இருக்கா?" என்று கத்தினார்.

அவருடைய நம்பிக்கைக்குப் பின்னாலும் ஒரு முகம் இருந்தது. மகாபாரதத்தின் முடிவில் சொர்க்கத்துக்குப் போகும் தருமர், அங்கே துரியோதனன் கொலுவீற்றிருப்பதைப் பார்த்துக் கொதித்துப்போகிறார். பிறகு நரகத்தில் தம்பிகளின் குரலையும் திரௌபதியின் குரலையும் கேட்டு, நான் இங்கேயே இருக்கிறேன், நீ போ என்று தேவதூதனை அனுப்பிவிடுகிறார். அந்தக் கோபமும் இந்தப் பாசமும் ஒரே மனிதருக்குள் இருந்தவை. கோபத்தை மட்டும் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோர்ட்டும் ஊரும் கைவிட்ட பிறகு அந்த அம்மாவுக்கு மிஞ்சிய ஒரே தீர்ப்பு நரகம்தான். அதைப் பறித்துக்கொண்டு பதிலுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

எங்கள் கேஸ் ஷீட்டில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு சொல் எழுதும் அளவுக்குத்தான் இடம். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருகிறவருக்கு அது போதாது என்று, அன்று ஓரத்தில் சேர்த்து எழுதினேன்: "மகளைப் பற்றிப் பேச விரும்புகிறார். கேட்கவும். நரகம் பற்றி வாதிட வேண்டாம்."