திங்களன்று வங்கி, வெள்ளியன்று மருத்துவமனை

மக்களவை உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் ஆய்வு உதவியாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றினேன். கேள்விகளை எழுதித் தருவது, வந்த பதிலை வரிவரியாகப் படித்து அடுத்த கேள்விக்கு இடம் தேடுவது, அமைச்சகங்கள் தம் செலவுக்கு அவையிடம் நிதி கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்குக் குறிப்புகள் தயாரிப்பது ஆகியவை என் வேலை. மக்களவையின் கேள்வி நேரத்தில் நிதி அமைச்சகத்துக்குரிய நாள் திங்கள், சுகாதார அமைச்சகத்துக்குரிய நாள் வெள்ளி. எங்கள் உறுப்பினர் இரண்டிலும் ஆர்வம் கொண்டவர் என்பதால், கூட்டத்தொடர் நடக்கும் வாரங்களில் என் மேசை வாராக்கடனில் தொடங்கி அரசு மருத்துவமனையில் முடியும். (வெள்ளி பிற்பகல் பல உறுப்பினர்களின் கண் விமான நிலையத்தின் மீதே இருக்கும் என்பதைச் சுகாதாரக் கேள்விகளைத் தயாரிப்பவர்கள் சீக்கிரமே தெரிந்துகொள்வார்கள்.) வங்கிகளுக்கும் சுகாதாரத்துக்கும் அரசு செய்யும் செலவுகளை அவை ஒரே ஆழத்துக்குத் தோண்டிப் பார்ப்பதில்லை என்பதை அந்த மேசையில்தான் கவனிக்கத் தொடங்கினேன்.

கேள்வி கேட்பதில் உள்ள கட்டுப்பாடுகளை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அறிவது அரிது. குறைந்தது 15 நாட்களுக்கு முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கேள்வி 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும். கருத்துக் கேட்கக் கூடாது. நாளொன்றுக்குக் குலுக்கலில் தேர்வாகும் 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுக்கு மட்டுமே அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்வார். துணைக் கேள்வி கேட்பதும் அவற்றில்தான் சாத்தியம். அந்த இருபதிலும் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளப்படுபவை சிலவே. மீதமுள்ள 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். எனவே பதிலை எழுதும் அதிகாரி எந்த வழியாக நழுவுவார் என்பதை முன்கூட்டியே ஊகித்து, அந்த வழியை அடைத்து எழுதுவதே இந்தத் தொழிலின் நுட்பம்.

வங்கிக் கேள்விகளில் அந்த நழுவல் ஒரு சட்டப்பிரிவின் வடிவில் வரும். 2023 ஆகஸ்டில் மக்களவைக்கு அளிக்கப்பட்ட பதிலின்படி, 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் சுமார் 14.56 லட்சம் கோடி ரூபாய். அதில் பெருந்தொழில், சேவைத் துறைகளின் பங்கு சுமார் 7.41 லட்சம் கோடி. இத்தகைய பதில்களில் ஒரு பத்தி தவறாமல் இடம்பெறும்: நான்காண்டுகள் கடந்து, இழப்புக்கென வங்கி முழு ஒதுக்கீடும் செய்துவிட்ட கடன்களே இருப்புநிலைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன, கடனாளியின் பொறுப்பு நீங்குவதில்லை, வசூல் நடவடிக்கை தொடர்கிறது. இந்த விளக்கம் சரியானதே. இந்தத் தொகை முழுவதும் தொழிலதிபர்களுக்கு அன்பளிப்பாகப் போய்விட்டது என்று அவையில் எழும் கூச்சலை எங்கள் குறிப்புகளில் நான் ஒருபோதும் சேர்த்ததில்லை. ஆனால் அதே பதிலின் இன்னொரு வரியில், நீக்கப்பட்ட கடன்களில் 2014 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை வசூலானது சுமார் 2.04 லட்சம் கோடி என்று இருந்தது. தொடரும் என்று சொல்லப்பட்ட நடவடிக்கை எவ்வளவு தூரம் தொடர்ந்தது என்பதை அந்த வரி காட்டியது. துணைக் கேள்வி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

யாருடைய கடன் என்று கேட்டால் பதில் அங்கேயே நின்றுவிடும். இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45இ பிரிவு, வங்கிகள் தரும் கடன் தகவல்களை வெளியிடுவதைத் தடுக்கிறது. இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு வங்கியின் பெரிய கடனாளி தடுமாறுகிறார் என்ற செய்தி பரவினால் முதலில் பதறுபவர்கள் சிறு வைப்பாளர்களே. வழக்குத் தொடரப்பட்ட, வேண்டுமென்றே ஏமாற்றிய கடனாளிகளின் பட்டியலைக் கடன் தகவல் நிறுவனங்கள் வெளியிடவும் செய்கின்றன. இருந்தாலும், நேர்மையாகத் தொழில் செய்து நொடித்தவருக்குத் தேவைப்படும் மறைப்பும், பொதுத்துறை வங்கியில் ஆயிரக்கணக்கான கோடி வாங்கித் திருப்பாதவருக்குக் கிடைக்கும் மறைப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பெயர் சொல்லி விசாரிக்கும் வழக்கம் இந்த அவைக்குப் புதிதும் அல்ல. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய் முதலீடு செய்ததை 1957இல் பெரோஸ் காந்தி அவையில் எழுப்பினார், நீதிபதி சாக்ளா ஆணையம் அதை வெளிப்படையாக விசாரித்தது, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958இல் பதவி விலகினார்.

சுகாதாரக் கேள்விகளுக்கு வரும் பதில்களின் முதல் வரி வேறு: பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. அரசமைப்பின்படி அது உண்மைதான். ஆனால் தேசிய சுகாதார இயக்கத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60 விழுக்காடு நிதி தரும் ஒன்றிய அரசு அந்த ஒரு வரிக்குப் பின்னால் முழுவதுமாக ஒதுங்கிக்கொள்ள முடியாது. அதைவிடத் தொல்லை தருவது புள்ளிவிவரத்தின் வயது. 2021-22ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கு வெளியானது 2024 செப்டம்பரில். அதன்படி அரசின் சுகாதாரச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 விழுக்காடு; நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்தது 39.4 விழுக்காடு. 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை 2025க்குள் 2.5 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்றது. இலக்கு ஆண்டு வாசலில் நிற்கையில், கையில் இருந்த கணக்கோ பெருந்தொற்றுக் காலத்தையது.

கணக்கு பழையதாக இருந்தாலும், தணிக்கை என்று வரும்போது சுகாதாரச் செலவு கடைசித் தாள் வரை புரட்டப்படுகிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அளித்து 2023 ஆகஸ்டில் அவையில் வைக்கப்பட்ட அறிக்கை, ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணுடன், அதுவும் பத்து ஒன்பதுகளால் ஆன எண்ணுடன், இணைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தது. பயனாளியைச் சரிபார்ப்பதில் கைபேசி எண்ணுக்குப் பங்கில்லை என்று அரசு விளக்கியது. அந்த விளக்கம் போதுமா என்பதை விவாதிக்கலாம். ஆனால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரம்புள்ள ஒரு திட்டத்தில் தணிக்கையாளரின் விரல் ஏழைப் பயனாளியின் எண் வரை போகிறது. பொதுத்துறை வங்கிகளின் கடன் கோப்புகளுக்குள் அந்த விரல் நேரடியாக நுழைவதில்லை. வங்கிகளைத் தணிக்கை செய்பவர்கள் தனியே நியமிக்கப்படும் பட்டயக் கணக்காளர்கள்.

வங்கிகளின் இழப்பை ஈடுகட்ட அரசு மூலதனம் தந்த முறைதான் எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. 2016-17 முதல் ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகளுக்குச் சுமார் 3.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனம் வழங்கப்பட்டது. அதில் நேரடி நிதிநிலை ஒதுக்கீடு சுமார் 35 ஆயிரம் கோடி மட்டுமே, மீதி 2.76 லட்சம் கோடி மறுமூலதனப் பத்திரங்கள். அரசு பத்திரத்தை வெளியிடுகிறது, வங்கி அதை வாங்குகிறது, அந்தப் பணமே மூலதனமாக வங்கிக்குத் திரும்புகிறது. ரொக்கம் வெளியேறாததால் நிதிப் பற்றாக்குறையில் இது தெரியாது. 2018-19இல் இப்படி வங்கிகளுக்குப் போன மூலதனம் சுமார் 1.06 லட்சம் கோடி. அதே ஆண்டு சுகாதார அமைச்சகத்துக்கு நிதிநிலை அறிக்கை ஒதுக்கியது சுமார் 54,600 கோடி. மூலதனம் ஈடாகப் பங்குகளைத் தருகிறது என்பதையும், 2022-23இல் பொதுத்துறை வங்கிகளின் மொத்த நிகர லாபம் ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனாலும் பத்திரங்களுக்கான வட்டி ஆண்டுதோறும் கருவூலத்திலிருந்தே போகிறது.

அந்த வட்டி, அரசமைப்பின் 112ஆம் பிரிவின்படி, இந்தியத் தொகுப்பு நிதியின் மீது சுமத்தப்பட்ட செலவு. அவை அதைப் பற்றிப் பேசலாம், வாக்களிக்க முடியாது. தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானமும் கொண்டுவர முடியாது. சுகாதார அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை மீதோ எந்த உறுப்பினரும் நூறு ரூபாய் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம், கொள்கையே பிடிக்கவில்லை என்றால் முழுக் கோரிக்கையையும் ஒரு ரூபாயாகக் குறைக்கக் கோரலாம். ஆனால் விவாதத்துக்கு நேரம் கிடைப்பது சில அமைச்சகங்களுக்கே. மீதிக் கோரிக்கைகள் கடைசி நாளில் கில்லட்டின் முறையில் ஒட்டுமொத்தமாக நிறைவேறும். 2018லும் 2023லும் அனைத்து அமைச்சகங்களின் கோரிக்கைகளும் விவாதமின்றியே நிறைவேறின.

இதை விளங்கிக்கொண்ட பிறகு எங்கள் கேள்விகளின் அமைப்பை மாற்றினோம். திங்களன்று மறுமூலதனப் பத்திரங்களுக்கான வட்டியை ஆண்டுவாரியாகக் கேட்பது. நீக்கப்பட்ட கடன்களில் வசூலானதைப் பெயர் கேட்காமல், கடனின் அளவுவாரியாகவும் வங்கிவாரியாகவும் கேட்பது. வெள்ளியன்று அதே ஆண்டுகளுக்குச் சுகாதார ஒதுக்கீட்டையும் உண்மையில் செலவானதையும் கேட்பது. 45இ பிரிவைக் காட்டி மறுக்கப்படும் இடங்கள் இதனால் கணிசமாகக் குறைந்தன. தகவல் திரட்டப்படுகிறது என்று வந்த பதில்களையும் விடவில்லை. அது அவைக்கு அளித்த உறுதிமொழியாகக் கருதப்படும் என்பதால், மூன்று மாதக் கெடு முடிந்ததும் அரசின் உறுதிமொழிகள் குழுவுக்குக் கடிதம் எழுதிவிடுவோம்.