மார்கோவோட தம்பி

பாரீஸிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் சித்தப்பா நேற்று முத்தியால்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் ஒரு பாட்டிலைத் திறந்தார். பவியோன் ரூஜ் என்ற பிரெஞ்சு சிவப்பு ஒயின். "ஷத்தோ மார்கோவோட தம்பிடா இது!" பக்கத்தில் வஞ்சிரம் வறுவல். (சிவப்பு ஒயினுக்கு மீனா என்று கேட்டால் அடிப்பார்.)

பிரான்ஸின் ஒயின் பிரதேசமான போர்தோவின் பெரிய எஸ்டேட்டுகள், இளங்கொடிகளில் காய்த்ததையும் முதல் ஒயினுக்குத் தேறாத பீப்பாய்களையும் ஒதுக்கி வேறு பெயரில் விற்பதுதான் செகண்ட் லேபிள். ஷத்தோ மார்கோ அப்படியொரு எஸ்டேட், பவியோன் ரூஜ் அதன் செகண்ட் லேபிள். அதே தோட்டம், அதே ஆட்கள். பெரியண்ணன் மாதிரி இருபது வருஷம் காக்க வைக்காது என்பது பெரிய சௌகரியம். லத்தூர் எஸ்டேட்டின் செகண்ட் லேபிளான லெ ஃபோர் 1966 அறுவடையிலிருந்தே வருகிறது, அதற்கென்று தனி நிலத்துண்டுகளே உண்டு. அதை மிச்சம் மீதி என்று சொல்லிவிட முடியாது.

எனக்கு உறுத்துவது விலை. போர்தோ எஸ்டேட்டுகளைத் தரம் பிரித்த 1855 பட்டியலின் முதல் வரிசைப் பெயர் ஒட்டியிருந்தால் தம்பிக்கும் அண்ணன் மவுசு. லஃபீத் எஸ்டேட்டின் செகண்ட் லேபிளான கரூவாதின் விலையைச் சீனாக்காரர்கள் வாங்கி வாங்கியே எங்கோ ஏற்றிவிட்டார்கள். அந்தக் காசுக்கு அவ்வளவு பேர் இல்லாத எஸ்டேட்டின் முதல் ஒயினையே வாங்கலாமே? வாங்கித்தான் ஆகணும் என்றால் நல்ல அறுவடை வருஷமாகப் பார்த்து வாங்குங்கள்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லத் திரும்பினேன். டம்ளரில் ஐஸ் கட்டி போட்டுக்கொண்டிருந்தார்.