மிதக்கும் நாற்றும் மறிக்கும் கரையும்

மார்ச் 4
கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி வகையான சுரபுன்னை மரத்தடியில் கிடந்த நாற்று ஒன்றை உப்புநீர்த் தொட்டியில் இன்று மிதக்கவிட்டேன். இம்மரத்தின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட நாற்றாகவே சேற்றிலோ நீரிலோ விழுகிறது. மாதக்கணக்கில் மிதந்தாலும் உயிர் பிழைத்திருக்கும். இவ்வளவு தூரம் செல்லக்கூடிய மரம், கடற்கரைதோறும் ஏறக்குறைய ஒரே மரபணுக்களுடன்தானே இருக்க வேண்டும்? உண்மையில் அப்படி இல்லை என்பதே என்னை இதில் இழுத்தது.

மார்ச் 9
வட, தென் அமெரிக்காக்களை இணைக்கும் பனாமா நிலஇணைப்பு சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முழுமையாக மூடிக்கொண்டபோது, அதன் இருபுறமும் நின்ற அலையாத்தி மரங்களுக்கிடையே நாற்றுகளின் கடல்வழி அடைபட்டது. இன்று அமெரிக்கச் செங்கண்டல் என்னும் அலையாத்தி இனத்தின் அட்லாண்டிக் மரங்களும் பசிபிக் மரங்களும் மரபணுக்களில் தெளிவாக வேறுபடுகின்றன.

மார்ச் 15
மலாய் தீபகற்பத்தின் கதை இதைவிட நுட்பமானது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைய நிலையைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்ததால், தீபகற்பமும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலமாக இணைந்து, இந்தியப் பெருங்கடலையும் தென்சீனக் கடலையும் பிரித்து நின்றன. பின்னர் கடல் உயர்ந்து மலாக்கா நீரிணை திறந்துகொண்டது. ஆயினும் புருகுவேரா, செரியாப்ஸ் முதலிய அலையாத்தி மரங்களில் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையிலான வேறுபாடு இன்னும் அழியவில்லை. ஏற்கெனவே மரங்கள் அடர்ந்த கரையில் புதிதாக ஒதுங்கும் நாற்றுக்கு வேரூன்ற இடம் அரிது என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 16
நாற்று இன்னும் படுத்தபடியே மிதக்கிறது.

மார்ச் 22
தடை என்றால் நிலம் என்றே நினைத்திருந்தேன். ஆனால் அந்தமான் கடலின் கரைக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையே நிலம் எதுவும் குறுக்கிடாதபோதும், அங்குள்ள சுரபுன்னை மரங்கள் இரு மரபணுக் குழுக்களாகப் பிரிந்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நீரோட்டங்கள் நாற்றுகளைக் கலக்கவிடாமல் வைப்பதே காரணமாகக் கருதப்படுகிறது. அழிந்த அலையாத்திக் காட்டை மீண்டும் வளர்க்கும்போது, எளிதில் கிடைக்கிறது என்பதற்காக வேறொரு கடலின் நாற்றைக் கொண்டுவந்து நடுவது, அந்தக் கரைக்கே உரிய நெடுங்காலப் பிரிவை ஒரே நாளில் கலைத்துவிடும் செயல் என்றே கருதுகிறேன்.

மார்ச் 29
நாற்று நிமிர்ந்துவிட்டது. அடிநுனியில் வேர்கள் அரும்பியுள்ளன. நாளை வற்றுநீர் நேரத்தில், எடுத்துவந்த அதே ஓடையின் சேற்றில், அதன் தாய்மரத்துக்கு அருகிலேயே ஊன்றப்போகிறேன்.