ரெஃபரல் தாள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் இன்று என்னிடம் நான்காவது ஸ்கூபா டைவ் முடிந்து படகில் ஏறியதும், ஈரக் கையைத் துடைத்துவிட்டு அந்தப் பெண் முதலில் எடுத்தது போனை இல்லை, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ரெஃபரல் தாளை. குளப் பயிற்சியை ஓரிடத்தில் முடித்தவர், கடல் டைவை வேறிடத்தில் முடிக்கக் கொண்டுவரும் தாள் அது.

ஐந்து நீச்சல்குளப் பயிற்சிக்கும் நேராக சென்னைப் பயிற்சியாளரின் கையெழுத்து, தேதியோடு. கடல் டைவ் நான்கும் காலி.

"சார், சான்றிதழ் கார்டை அவரேதான் போடுவாராம். இங்கே வாங்கினால் கட்டின பணம் போச்சு என்கிறார்."

சங்கடமாகிவிட்டது. கடைசிக் கடல் டைவை நடத்தியவர்தான் சான்றிதழ் தர வேண்டும், இந்தப் பயிற்சியை நடத்தும் PADI என்ற டைவிங் அமைப்பின் விதியே அதுதான். 12 மீட்டரில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்து, ஒரு நொடி பதறி, அப்புறம் மூச்சை நிதானமாக்கி மூக்கால் ஊதி அவள் வெளியேற்றியதை நேரில் பார்த்தவன் நான். 18 மீட்டர் வரை போகலாம் என்கிற கார்டை, பார்க்காதவர் எப்படிப் போடுவார்?

ஆனால் அந்த நிதானத்தைக் குளத்தில் கற்றுக்கொடுத்தது அவர்தான். அந்த உழைப்புக்கான பணம் அவருக்குச் சேர வேண்டியதே. அதை நானும் அவரும் பேசிக்கொள்ள வேண்டும், நேற்றுதான் முதன்முதலாகக் கடலுக்குள் போன பிள்ளையின் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

சாயங்காலம் அவருக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. கார்டுக்குப் பதிவு செய்துவிட்டேன். நாளை மறுபடி அழைப்பேன்.