மே மாதத்தில் இலங்கையா? தெற்கை விடுங்கள், கிழக்கே போங்கள்

ஊர் திரும்பி மூன்று நாள் ஆகிறது. பெட்டியைத் திறந்தால் இன்னும் நிலாவெளி மணல் கொட்டுகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு இலங்கையைச் சுற்றிவர எப்படித் திட்டம் போட்டோம், எவ்வளவு ஆனது என்று நாள்வாரியாக எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தார்கள். நாள்வாரியாக வருமா தெரியாது, முயற்சி செய்கிறேன்.

நாங்கள் ஆறு பேர். நான், கணவர், எட்டாவது படிக்கிற மகன், நான்காவது படிக்கிற மகள், அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்), கொழுந்தனார். கொழுந்தனார்தான் கணக்குப்பிள்ளை. ஒரு நோட்டில் தேநீர் குடித்தது வரைக்கும் எழுதுவார். அந்த நோட்டு இல்லாவிட்டால் கடைசி நாள் விமான நிலையத்தில் கடன் கேட்டுக்கொண்டு நின்றிருப்போம்.

முதலில் போட்ட திட்டம் முழுத் தப்பு. இணையத்தில் கிடைத்ததை அப்படியே எடுத்திருந்தோம்: கொழும்பு, பெந்தோட்டை, காலி, மிரிஸ்ஸ, எல்ல, கண்டி. எல்லாம் டிசம்பர் ஜனவரியில் போனவர்கள் எழுதியது. அறை பதிவு செய்ய இருந்த நேரத்தில், அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் திருகோணமலைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மே மாசத்தில தெற்குக் கடலுக்கோ? பிள்ளையளோட கரையில நிண்டு அலையைப் பாத்துக்கொண்டு இருக்கப் போறீங்களோ?"

விஷயம் இதுதான். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும். மேற்கும் தெற்கும் மழை வாங்கும், கடல் கொந்தளிக்கும். அந்த ஈரத்தை நடுவில் இருக்கும் மலைகள் பிடித்து வைத்துக்கொள்வதால், கிழக்குக் கரைக்கு வெயிலும் காய்ந்த காற்றும்தான் போய்ச் சேரும். திருகோணமலை, பாசிக்குடா, மட்டக்களப்புக் கடலெல்லாம் குளம் மாதிரி கிடக்கும். திமிங்கிலம் பார்ப்பதும் அப்படித்தான். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மிரிஸ்ஸ, மே மாதத்திலிருந்து திருகோணமலை. நம் பிள்ளைகளுக்கு விடுமுறையே மே மாதம்தான். அப்புறம் எதற்கு டிசம்பர்க்காரர்களின் திட்டம்? அன்று இரவே எல்லாவற்றையும் அழித்துவிட்டு வரைபடத்தின் வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம்.

இரண்டாவது தப்பு கொழுந்தனாருடையது. தீவின் பரப்பு தமிழ்நாட்டில் கிட்டத்தட்டப் பாதிதான், அதனால் ஒன்பது நாளில் யாழ்ப்பாணமும் சேர்த்து முழுச் சுற்று முடித்துவிடலாம் என்று மணிக்கு 60 கிலோமீட்டர் கணக்கில் எழுதி வைத்திருந்தார். சமவெளியில் அது ஓரளவு சரி. மலையில் முப்பதைத் தாண்டினால் பெரிய விஷயம். நுவரெலியாவிலிருந்து கண்டி 80 கிலோமீட்டர்கூட இல்லை. எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் யாழ்ப்பாணத்தை வெட்டினோம். நல்லூர், நயினாதீவுக் கோவில்கள் கைவிட்டுப் போயின என்று அத்தை இரண்டு நாள் பேசவில்லை. அத்தை சொன்னது நியாயம்தான். வடக்குக்குத் தனியாக நான்கு நாள் வேண்டும், அதை இதில் திணிக்கக் கூடாது.

கணவருக்குத் தானே வண்டி ஓட்ட ஆசை. அங்கேயும் இடது பக்கம்தானே, நம் ஊர் மாதிரிதானே என்றார். சர்வதேச ஓட்டுநர் அனுமதி மட்டும் போதாது, அங்கே அதற்குத் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும் என்று தெரிந்ததும் ஆசை பாதியானது. மீதிப் பாதி, அங்கே பேருந்துகள் வளைவில் முந்துகிற காணொளிகளைப் பார்த்ததும் போய்விட்டது. ஓட்டுநரோடு வேன் எடுத்தோம். நாளுக்கு 25,000 இலங்கை ரூபாய், டீசல் உட்பட. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறக்குறைய மூன்றரை என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு ஏழாயிரம் சொச்சம். ஆறு பேருக்கு அது மோசமில்லை. ஆனால் இரண்டு விஷயத்தை முன்பே கேட்டுவிடுங்கள். ஒன்று, நாளுக்கு 100 கிலோமீட்டர்தான், மேலே போனால் தனிக் காசு. இரண்டு, ஓட்டுநர் எங்கே தூங்குவார்? பெரிய ஓட்டல்களில் அவர்களுக்கென்று அறை இருக்கும். நாங்கள் தங்கியது மூன்று அறை உள்ள வீடுகளில். ஒவ்வொரு இரவும் அவருக்கு ஒரு அறை தேட வேண்டியதாயிற்று, காசும் நம்முடையது. நோட்டில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கியிருக்கவில்லை.

சரி, முதல் நாள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினோம், வெளியே வந்தால் வழியெல்லாம் காகிதக் கூடு விளக்குகள், வெள்ளை உடையில் குடும்பம் குடும்பமாக ஜனம். வெசாக்! புத்தர் பிறந்த நாளாகக் கொண்டாடும் மே மாதப் பௌர்ணமி. திட்டம் போட்ட மூன்று பெரியவர்களில் ஒருத்தர்கூட நாட்காட்டியைப் பார்க்கவில்லை. இறைச்சிக் கடை, மதுக்கடை எல்லாம் மூடல், சாப்பாட்டுக் கடையும் பாதி மூடல். இரவு தங்கவிருந்த தம்புள்ளைக்கு நான்கு மணி நேரம் என்று சொன்ன வழி ஏழு மணி நேரமாக நீண்டது. மகனுக்குக் கொத்து ரொட்டி கிடைக்கவில்லை என்று கோபம், மகளுக்கு வாந்தி. நான் மனதுக்குள் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

குருநாகல் தாண்டி எங்கேயோ பத்துப் பதினைந்து பையன்கள் கொடியோடு நடுச்சாலையில் நின்று வண்டியை மறித்தார்கள். பயந்தே போனேன். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து, "தன்சல், மேடம். சாப்பாடு. காசு வேணாம்" என்றார். வெசாக்கில் வழிப்போக்கர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடுவது அங்கே வழக்கமாம். தகரக் கூரை, நீள மேசை. சோறு, தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், பொரித்த அப்பளம், அவ்வளவுதான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒன்பது நாளில் மனசுக்கு நிறைந்த சாப்பாடு அதுதான். வாந்தி எடுத்த பெண் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். அத்தை உண்டியல் எங்கே என்று தேடினார், இல்லை. பத்துக் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கூட்டம் மறித்து ஐஸ்கிரீம் கொடுத்தது. அதற்கப்புறம் மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும். கொழுந்தனார் நோட்டில் அன்றைய இரவு உணவுக்கு நேராக ஒரு பெரிய பூஜ்யம் போட்டார்.

மறுநாள் அந்த பூஜ்யத்துக்குச் சேர்த்து அழுதோம். சிகிரியா பாறைக் கோட்டையில் வெளிநாட்டவர் கட்டணம் ஆளுக்கு 30 டாலருக்கு மேல். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவர்களுக்குச் சலுகை உண்டு, கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். எங்கள் கடவுச்சீட்டுகள் பத்திரமாக இருந்தன, தம்புள்ளையில், அறை அலமாரியில், என் யோசனையின் பேரில் பூட்டி. கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன், செல்லாது என்றுவிட்டார்கள். முழுக் கட்டணம் கட்டலாமா, திரும்பிப் போகலாமா? ஐந்து பேருக்கு வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தோம், வேன் திரும்பியது. வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும் என்று அதிகாலை எழுந்தது வீண். பத்து மணிக்கு ஏற ஆரம்பித்து, ஏறக்குறைய 1,200 படி, தலைக்கு மேலே மே மாத வெயில். பாதி ஏற்றத்தில் இருக்கும் பெரிய சிங்கப் பாதச் சிலைகளுக்கு நடுவே உட்கார்ந்து மகன், "காசியப்பன் ராஜாவுக்குக் கீழேயே வீடு கட்டத் தெரியாதா?" என்றான். ஐந்தாம் நூற்றாண்டில் அப்பாவைக் கொன்றுவிட்டு, தம்பி படையோடு வருவான் என்ற பயத்தில் பாறை மேல் அரண்மனை கட்டினான் என்று கதை சொன்னேன். "அப்போ பயந்துதான் ஆகணும்" என்று எழுந்து நடந்தான். உச்சியில் நின்றால் நாலு பக்கமும் பச்சை. காசுக்கு மதிப்பு உண்டு, சலுகைக் கட்டணம் என்றால் மட்டும். முட்டிவலி அத்தை கீழே வாசல் பக்கத்து மரநிழலிலேயே இருந்துகொண்டார். எங்களில் புத்திசாலி அவர்தான்.

இனிமேல் நாள்வாரிக் கணக்கு கிடையாது, மன்னித்துவிடுங்கள். திருகோணமலை வந்ததும் எனக்கு நாளே மறந்துவிட்டது.

நிலாவெளியில் கடலுக்கு இருநூறு அடி தள்ளி ஒரு வீட்டில் இரண்டு இரவு. அந்த வீட்டுக்கார அக்காவின் சமையலுக்காகவே திரும்பப் போவேன். பிட்டு, சொதி, கணவாய்க் கறி, நண்டு. முதல் இரவு பரிமாறிவிட்டு அத்தையிடம், "அம்மா, சோறு காணுமோ?" என்று கேட்டார். அத்தை பதறிப்போய், "காணோமா? இங்கேதானே இருக்கு!" என்று பாத்திரத்தைக் காட்டினார். அங்கே காணும் என்றால் போதும் என்று அர்த்தம். அடுத்த ஏழு நாளும் பிள்ளைகள் எதை எடுத்தாலும் "காணும், காணும்" என்றுதான். மகள் இன்னொன்றும் கற்றுக்கொண்டாள்: கச்சான் என்றால் வேர்க்கடலை. கரையில் மீனவர் ஒருவர் "கச்சான் அடிக்குது" என்றதும் இவள் கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். அவர் சொன்னது மேல்காற்றை, அதற்கும் அங்கே கச்சான் என்றுதான் பேர்.

கோணேஸ்வரம் போகாமல் வராதீர்கள். கோட்டைக்குள்ளே மான்கள் கூட்டமாகத் திரிகின்றன, மேலே சுவாமி மலையில் கோவில், பக்கத்திலேயே பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. அதுதான் இராவணன் வெட்டு. சம்பந்தர் பதிகம் பாடிய பழைய கோவிலைப் போர்த்துக்கீசியர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிவிட்டார்கள், இப்போது நிற்பது பின்னால் எழுப்பியது. அத்தை அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நல்லூர்க் கோபம் அங்கேதான் தீர்ந்தது.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத் தீவுக்குப் படகு, நுழைவுக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி, முகமூடி வாடகை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். கொழுந்தனார் பேனாவை மூடிவிட்டார். போகவில்லை. கரையிலேயே மீன்கள் காலைச் சுற்றின, பிள்ளைகளுக்கு அதுவே காணும்.

அங்கிருந்து மட்டக்களப்புச் சாலை. கிண்ணியா பாலம் 2009இல் திறந்தது, 396 மீட்டர். அதற்கு முன்னால் அந்த வழியில் வண்டியை மிதவைப் படகில் ஏற்றித்தான் கடக்க வேண்டும் என்று ஓட்டுநர் சொன்னார். பாசிக்குடாவில் கடலுக்குள் நடந்துகொண்டே இருக்கலாம், இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏற மறுக்கிறது. நீச்சல் தெரியாத குடும்பத்துக்கு இதைவிட நல்ல கடல் கிடையாது. புடவையோடு இறங்கிய அத்தையைக் கரைக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது.

பதுளை வழியாக மலை ஏறியதும் மழை. எல்லயில் ஒன்பது வளைவுப் பாலத்தைக் குடைக்குள்ளிருந்து பார்த்தோம். அட்டைக்கடி எனக்கு மட்டும். எல்ல ஊர் எனக்குப் பிடிக்கவில்லை, வெள்ளைக்காரர்களுக்காக விலை போட்ட தெரு. ஆனால் எல்லயிலிருந்து நானுஓயா (நுவரெலியாவுக்கு இறங்கும் நிலையம்) வரை ரயிலில் போங்கள். வேனும் பெட்டிகளும் சாலையில் வந்துவிடும். முன்பதிவு எங்களுக்குக் கிடைக்கவில்லை, கவுண்டரில் மூன்றாம் வகுப்பு வாங்கினோம். ஆறு பேருக்கு ஆன காசில் எல்லயில் இரண்டு காபிகூடக் குடிக்க முடியாது. நின்றுகொண்டுதான் போனோம். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "இந்தியாவுல எந்த ஊரு?" என்றார். சொன்னோம். "எங்க தாத்தா திருச்சிப் பக்கமாம். ஊரு பேரு தெரியாம போச்சு" என்றார். அத்தை தெரிந்த ஊர்ப் பெயராகச் சொல்லிப் பார்த்தார்: துறையூர், முசிறி, மணப்பாறை. ஒவ்வொன்றுக்கும் பாட்டி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். ஹப்புத்தளையில் இறங்கிப் போனார்.

கடைசி நாள்தான் ஏமாந்தோம். கண்டியிலிருந்து விமான நிலையத்துக்குப் போகிற வழியில், மாவனல்லைப் பக்கம் ஒரு மசாலாத் தோட்டத்தில் வேன் தானாகவே திரும்பியது. நல்ல மனிதர்தான் எங்கள் ஓட்டுநர், ஆனால் அங்கே அவருக்குத் தேநீரும் காசு உறையும் தயாராக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஏலக்காய்ச் செடி, மிளகுக் கொடி காட்டினார்கள். நம் ஊரில் பார்க்காததா? அப்புறம் அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்தார்கள். "வலி போயிடுச்சு போல இருக்கே" என்றார் அத்தை. முடிந்தது. சின்னப் புட்டி ஒன்று 9,500 ரூபாய். கொழுந்தனார் நோட்டை எடுக்கவே இல்லை, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானச் சீட்டு நீங்கலாக ஒன்றே முக்கால் லட்சம் நம் ரூபாயில் முடிக்க நினைத்தோம், இரண்டைத் தொட்டுவிட்டது. கூடுதல் கிலோமீட்டர், ஓட்டுநர் அறை, அந்தப் புட்டி. முதல் இரண்டையும் பேசி வைத்தால் நீங்கள் தப்பிக்கலாம். புட்டி எங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியில் இருக்கிறது. அத்தையின் முட்டிவலியும் அப்படியேதான் இருக்கிறது.