எங்கள் நகரில் லிஃப்ட் எங்கே இருக்கிறது?

போன வாரம் சங்கப் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது. ஒரே ஒரு தாள். அதற்கு ஐந்து மாதம், எட்டு நடை. வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி. குடியிருப்போர் நலச் சங்கம் பதிய நினைப்பவர்கள், நாங்கள் முட்டிக்கொண்ட சுவரிலேயே போய் முட்ட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் நகர் பாளையங்கோட்டைக்குத் தெற்கே, மாநகராட்சி எல்லை முடிந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. தபாலுக்குப் பாளையங்கோட்டை, வீட்டு வரிக்கு ஊராட்சி. மனை போட்டவர் புண்ணியவான், பழைய மரங்களை வெட்டாமல் விட்டிருந்தார். தெருவெல்லாம் வேம்பும் புங்கையும், ஓரத்தில் குடை விரித்த மாதிரி உடை மரங்கள், பூங்காவுக்கு விட்ட இடத்தில் நாலு பெரிய வாகை. மயில் சத்தத்தில்தான் விடியும். மாடியில் காயப்போட்ட வடகத்தில் பாதி அதற்குத்தான். ஆனி ஆடிக் காற்றில் கிளை முறிந்து ஒயரில் விழும், கரண்டு போகும். போர்வெல்லில் உப்புத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை. இதெல்லாம் பழகிவிட்டது.

பழகாத ஒன்று ஆனி மாதத்தில் நடந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் வாகை மரத்தடியில் நாலு கல் ஊன்றிக் கம்பி சுற்றியிருந்தது. கேட்டால், இது என் பட்டா இடம் என்றார் ஒருவர். அன்று சாயங்காலமே நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு, 'நகர் குடியிருப்போர் சங்கம்' என்று தலைப்பிட்டு மனு எழுதினோம். எந்த அலுவலகத்தில் கொடுத்தோம் என்று சொல்லவில்லை, நாளைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "பதிவு எண் எங்க? சங்கம்னா நம்பர் இருக்கணும்லா" என்று தாளைத் திருப்பித் தள்ளினார்.

அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்ததுதான் எட்டு நடையும்.

1975-ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டம் கேட்பது பெரிய விஷயமில்லை. குறைந்தது ஏழு உறுப்பினர், மூன்று பேருக்குக் குறையாத நிர்வாகக் குழு, சங்கத்தின் பெயரையும் நோக்கத்தையும் சொல்லும் அமைப்புக் குறிப்பு, சட்டதிட்டங்கள், அலுவலக முகவரி. ஏழு பேர் ஒரே நாளில் கிடைத்தார்கள். தபால் துறையில் ஓய்வு பெற்ற அண்ணாச்சி தலைவர், டீச்சர் அக்கா பொருளாளர், கம்ப்யூட்டர் தெரியும் என்ற பாவத்துக்கு நான் செயலாளர்.

முதல் நடை முழுக்க என் தவறு. சங்கத்தைப் பதிவது மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். மாவட்டப் பதிவாளர் என்றால் மாவட்டத்துக்கு ஒருவர் என்று நினைத்துக்கொண்டு, அரை நாள் லீவு போட்டு, அண்ணாச்சியையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போனேன். உங்கள் கிராமம் இங்கே வராது என்று சொல்லிவிட்டார்கள். வருவாய் மாவட்டம் வேறு, பதிவு மாவட்டம் வேறு. பதிவுத்துறை இணையதளத்தில் கிராமத்தின் பெயரைப் போட்டால் எந்தப் பதிவு மாவட்டம் என்று வந்துவிடும். கிளம்புவதற்கு முன்பு பாருங்கள். அண்ணாச்சி திரும்பி வரும்போது பாலம் முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பாலத்துக் காத்து நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இரண்டாம் நடை இன்னும் மோசம். சட்டதிட்டங்களை நாமே எழுதுவானேன் என்று, சென்னையில் ஃபிளாட்டில் இருக்கும் மச்சானிடம் அவர்கள் சங்கத்துக் கோப்பை வாங்கி, பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றியிருந்தேன். பதிவாளர் அலுவலகத்து எழுத்தர் பொறுமைசாலி, முழுக்கப் படித்தார். நடுவில் நிறுத்தி, "சார், ஒங்க நகர்ல லிஃப்ட் எங்க இருக்கு?" என்றார். ஒன்பதாம் விதி லிஃப்ட் பராமரிப்பு, பத்தாவது நீச்சல் குளம். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பிரதிநிதி வேறு. மாடி வீடே பத்துப் பதினைந்துதான் எங்கள் நகரில். அடுக்குமாடிக்கு என்று வேறு சட்டம் இருக்கிறது, அந்த விதிகள் தனி வீடுகளுக்குப் பொருந்தாது. பக்கத்து நகர்ச் சங்கத்தில் கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பார்கள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து வெட்டினேன்.

பெயர் விஷயத்துக்கு மட்டும் மூன்று நடை. நம் ஊரில் இசக்கி என்று பெயர் வைத்தால் ஓர் அட்டையில் 'இ', இன்னோர் அட்டையில் 'எ'. இன்னொருவருக்கு ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். வேறொருவர் அமைப்புக் குறிப்பில் தமிழிலும் விண்ணப்பத்தில் ஆங்கிலத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார். கேட்டால், "ரெண்டும் என் கைதானே வே" என்கிறார். ஏழு பேருடைய ஆதார் நகல்களையும் முதலில் மேசையில் பரப்புங்கள். அதில் இருக்கிற எழுத்தை அப்படியே பார்த்து எல்லாத் தாளிலும் அடியுங்கள். கூப்பிடுகிற பெயரை நம்பாதீர்கள்.

முகவரிக்கு அண்ணாச்சி வீட்டைக் கொடுத்தோம். வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் வரி ரசீதும் வேண்டும் என்றார்கள். ரசீது, காலமாகிப் பல வருடம் ஆன அவருடைய அப்பா பெயரில் இருந்தது. டீச்சர் அக்கா வீட்டுக்கு மாற்றினோம். அதனால் எல்லாத் தாளிலும் மறுபடி முகவரி மாற்றம், ஏழு பேரும் மறுபடி கையெழுத்து. இன்னொரு நாள் ஆன்லைனில் ஏற்றும்போது அண்ணாச்சி எண்ணுக்கு ஓடிபி போனது. போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அதுவும் ஒரு நடை கணக்குத்தான்.

இதற்கு நடுவில்தான் அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். அவருடைய கிரயப் பத்திரத்தோடு வந்த மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்து, பூங்கா இடத்தின் சர்வே எண்ணைப் பார்த்து, அதற்கு ஆன்லைனில் வில்லங்கம், அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்திருக்கிறார். பார்ப்பதற்குக் காசு இல்லை. ராத்திரி பத்து மணிக்கு போன். "ஏ தம்பி, தானப் பத்திரம்லா கெடக்கு!" 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். எங்கள் மனை போட்டவர் எழுதியே கொடுத்திருக்கிறார், ஊராட்சியின் பெயருக்கு. வாகை மரம் நான்கும் அதற்குள்தான் வருகின்றன.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டு, அங்கீகரித்த வரைபடத்தின் நகலை வாங்கினோம். அது கைக்கு வந்த மறு திங்கள்கிழமை, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில், சங்கம் என்ற சொல்லே இல்லாமல் அண்ணாச்சி தன் சொந்தப் பெயரில் மனு கொடுத்தார். யாரும் பதிவு எண் கேட்கவில்லை. சர்வேயர் வந்தார், சங்கிலியை இழுத்தார், ஒரு மணி நேரத்தில் அளந்துவிட்டார். அடுத்த வாரம் கல்லையும் கம்பியையும் போட்டவரே ஆள் வைத்து எடுத்துக்கொண்டார். அதாவது, எதற்காகப் பதியப் போனோமோ அந்த வேலை சான்றிதழ் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அன்றைக்கு மனுவைத் தள்ளியவரிடம், வாங்க முடியாது என்பதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தாலே போதும். எனக்கு அப்போது தோன்றவில்லை.

சான்றிதழால் வேறு ஒரு லாபம் இருக்கிறது. இத்தனை வருடமும் மோட்டார் ரிப்பேர், தெரு விளக்கு, கிளை கழிக்கிற கூலி எல்லாம் ஒரே ஒருவருடைய ஜிபேயில் போய் விழுந்துகொண்டிருந்தது. அவர் பாவம், ஒவ்வொரு பொங்கலுக்கும் கணக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போவார். இனி சங்கத்தின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு. தீர்மான நகலில் மூன்று பேர் கையெழுத்தோடு முத்திரையும் கேட்பார்கள், ரப்பர் ஸ்டாம்ப்பை முன்னாடியே செய்து வையுங்கள்.

பதிந்ததோடு வேலை முடியவில்லை. வருடக் கணக்கு மார்ச்சில் முடிந்தால் ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவைத் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகி மாறினால் மூன்று மாதத்துக்குள் படிவம் 7.

நேற்று சான்றிதழோடு வந்த சட்டதிட்டங்களைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று டீச்சர் அக்கா கேட்டார்கள். எதற்கும் ஒருமுறை படித்துவிடுவோம் என்று புரட்டினேன். பதினோராம் பக்கம், கடைசி வரி: 'பி பிளாக் பிரதிநிதி இல்லாதபோது ஏ பிளாக் பிரதிநிதி கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார்.' இதைத் திருத்தப் பொதுக்குழு கூட்டிச் சிறப்புத் தீர்மானம் போட்டு, மறுபடி அங்கேதான் போய்த் தாக்கல் செய்ய வேண்டும். அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.