இறப்புச் சான்றிதழில் 'கொரோனா' என்று இருக்காது

கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசு கொடுத்த 50,000 ரூபாய் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது. இணையத்தில் விண்ணப்பம் போட்டது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் காகிதம் தேடி அலைந்ததுதான் ஆளைத் தின்றது. அதிலும் பாதி, விவரம் தெரியாமல் அலைந்தது.

முதல் நடையே வீண். இறப்புச் சான்றிதழில் 'கொரோனா' என்று இல்லை, சேர்த்து வாங்கி வாருங்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, பிறப்பு இறப்புப் பதிவு செய்யும் ஆபீஸில் வரிசையில் நின்றதுதான் மிச்சம். கவுண்டரில் இருந்தவர் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. "இதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க எழுதிக் குடுக்கணும்." ஆஸ்பத்திரிக்குப் போனால், "சர்ட்டிபிகேட் நாங்களா குடுத்தோம்? அங்கயே போய்க் கேளுங்க சார்." இரண்டு பேரும் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, பொதுமக்களுக்குக் கொடுக்கும் சான்றிதழில் இறப்புக்கான காரணத்தைக் காட்டவே கூடாது. கொரோனா என்றில்லை, மாரடைப்பு என்றும் இருக்காது.

காரணம் எழுதியிருப்பது வேறு தாளில். ஆஸ்பத்திரியில் இறந்தால் டாக்டர் நிரப்புவது படிவம் 4, வீட்டில் இறந்தால் 4ஏ. அதில் முதல் பகுதியின் மேல் வரியில் உடனடிக் காரணம் இருக்கும். அதை உண்டாக்கிய நோய் அடுத்த வரியில், எல்லாவற்றுக்கும் அடிப்படையான நோய் கடைசி வரியில். சர்க்கரை, பிரஷர் போன்ற கூடவே இருந்த நோய்கள் இரண்டாம் பகுதியில். இரண்டாம் அலை நெரிசலில் எழுதிய பல படிவங்களில் மேலே 'சுவாசச் செயலிழப்பு', கீழே 'நீரிழிவு', நடுவில் ஒன்றுமே இல்லை. சிக்கல் பிறப்பது அந்தக் காலி வரியில்தான். அதனால் வேறு எங்கும் போகுமுன் ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போய், ஐ.பி. நம்பரும் (உள்நோயாளி எண்) அட்மிஷன் தேதியும் கொடுத்து, கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பு) நகல் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் 'நாளைக்கு வாங்க'தான். எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிய பிறகுதான் அலமாரி திறந்தது.

படிவத்தில் கொரோனா இல்லாவிட்டாலும் கதை முடிந்துவிடாது. 2021 செப்டம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலின்படி, பாசிட்டிவ் என்று வந்த பரிசோதனைத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் இறந்தால் அது கொரோனா மரணம்தான். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இறந்திருந்தாலும் சரி. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வராமலே 36-ஆம் நாள் இறந்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும். நாள் எண்ணுவது பரிசோதனையிலிருந்து, அட்மிஷனிலிருந்து அல்ல. ஆர்.டி.பி.சி.ஆர். மட்டுமில்லை, ரேபிட் டெஸ்டும் செல்லும். டெஸ்ட் நெகட்டிவாக வந்து, உள்நோயாளியாக வைத்து டாக்டரே கொரோனா என்று முடிவு செய்திருந்தாலும் செல்லும். வெளியே ஸ்கேன் சென்டரில் எடுத்த சி.டி. ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போனால்தான் தடுமாற்றம். கொரோனா மரணம் என்று ஏற்க மறுத்தால் மாவட்டக் குழுவுக்கு மனுப் போடலாம். மருத்துவக் கல்லூரிப் பொது மருத்துவத் துறையினரும் அதில் உண்டு. மனுவை 30 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. மனுவோடு கேஸ் ஷீட் நகலை வைத்தால் பேச்சு குறையும்.

பரிசோதனைத் தாள் தொலைந்திருந்தால் எஸ்.ஆர்.எஃப். எண்ணை, அதாவது மாதிரி எடுக்கும்போது நிரப்பிய படிவத்தின் எண்ணைத் தேடுங்கள். மாதிரி எடுத்தபோது கொடுத்த செல்போனுக்கு அது குறுஞ்செய்தியாக வந்திருக்கும். அந்த போன் யாருடையது என்பதை ஞாபகப்படுத்துவதே பெரிய வேலை. பக்கத்து வீட்டுப் பையன் நம்பரைக் கொடுத்தவர்கள் நம்மூரில் எத்தனை பேர்!

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. திருவனந்தபுரத்தில் சிகிச்சை எடுத்து அங்கேயே இறந்திருந்தால், பதிவும் அங்கேதான். இங்கே வில்லேஜ் ஆபீஸில் நின்று பிரயோஜனமில்லை.

அடுத்து வாரிசு சான்றிதழ். இ-சேவையில் 60 ரூபாய் கட்டினால், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று நகரும். கல்யாணமாகிப் போன மகளை விட்டுவிடாதீர்கள். அங்கேதான் விண்ணப்பம் திரும்பி வரும். இதைவிட மோசம், பெயர். ஆதாரில் இறந்தவர் பெயரான 'நேசமணி'யின் கடைசி ஆங்கில எழுத்து ஐ, இறப்புச் சான்றிதழில் வொய். ஒரே எழுத்துதான், ஆனால் கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். இறப்புச் சான்றிதழில் திருத்தம் கேட்கும்போது ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை இரண்டையும் அசலாகக் கொண்டு போங்கள். நகல் மட்டும் கொண்டு போனதால் ஒரு நாளும், தக்கலை பஸ் டிக்கெட்டும் போச்சு.

உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் பழைய மரணங்களுக்கு 60 நாள் கெடு வைத்தது; அது அந்த மே மாதமே முடிந்துவிட்டது. புதிதாக நடப்பவற்றுக்கு 90 நாள். இதையெல்லாம் முடிக்க அது போதாது என்று தோன்றியதில் வியப்பில்லை.

பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வந்தது; நேராக ஆதாரோடு இணைந்த கணக்குக்குப் போனது. விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் வாரக்கணக்கில் பாஸ்புக்கில் வரவே இல்லை. ஆபீஸில் கேட்டால், "போட்டாச்சே" என்றார்கள். கடைசியில் பார்த்தால், கேஸ் மானியத்துக்காக எப்போதோ ஆதாரை இணைத்துவிட்டு மறந்துபோன இன்னொரு பாங்க் கணக்கில் முழுத் தொகையும் கிடந்தது.